கையெழுத்து மட்டும்தான் நம்முடையதா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

வருகிற மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று தமிழ்நாடு முழுக்கக் கிராமசபை. "எல்லோரும் போங்கள், தண்ணீர் வேலைக் கணக்கைக் கேளுங்கள்" என்று போன வாரம் நாலு வரி எழுதியிருந்தேன். என்னிடம் படித்து இன்று ஒப்பந்த வேலை எடுத்துச் செய்யும் ஒரு தம்பி அதற்குக் கீழே எழுதினார்: "சார், குழாய் வேலையும் தடுப்பணை வேலையும் இஞ்சினியரிங் விஷயம். ஊர்க்காரங்களுக்கு என்ன தெரியும்? கூட்டம் கூட்டினா சண்டைதான் வரும்." அதற்கு முப்பது லைக். பாதிப் பேர் என் மாணவர்கள், நாலைந்து பேர் என் சொந்தக்காரர்கள். ஒரு மச்சான், "வாத்தியார் ரிட்டயர் ஆகியும் பாடம் எடுக்கிறாரு" என்று சிரிப்பு வேறு போட்டிருந்தார்.

சரி, பாடமே எடுக்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 துறைகளைப் பட்டியலிட்டது. மூன்றாவது சிறுபாசனமும் நீர் மேலாண்மையும். பதினொன்றாவது குடிநீர். ஆக, தண்ணீர் விஷயத்தில் ஊரைக் கேட்பது அதிகாரிகள் நமக்குக் காட்டும் பெருந்தன்மை கிடையாது. அரசியல் சட்டத்திலேயே இருக்கிற பேச்சு.

2019 ஆகஸ்ட் 15இல் மத்திய அரசு ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தது. வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 2024க்குள் முடிப்போம் என்றார்கள். 2025 பட்ஜெட்டில் 2028 வரை நீட்டித்தார்கள். அதன் வழிகாட்டுதலைப் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழு. 10 முதல் 15 பேர். பாதிப் பேர் பெண்கள். கால் பங்கு ஊராட்சி உறுப்பினர்கள், மீதிக் கால் பங்கு நலிந்த பிரிவினர். ஊரின் தண்ணீர்த் திட்டத்தை அந்தக் குழு தயாரிக்க வேண்டும், கிராமசபை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தந்து சோதனைப் பெட்டியும் கொடுக்க வேண்டும். ஊருக்குள் நடக்கும் வேலையின் செலவில் 10 விழுக்காட்டை மக்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் ஊரில் 5 விழுக்காடு போதும்.

இன்னொன்றும் உண்டு. எல்லா வீட்டுக்கும் குழாய் வந்துவிட்டது என்று துறை எழுதினால் அந்த ஊர் 'அறிவிக்கப்பட்ட' ஊர் மட்டும்தான். கிராமசபை கூடி, ஆமாம், வந்துவிட்டது என்று தீர்மானம் போட்டால்தான் 'சான்றளிக்கப்பட்ட' ஊர். அதாவது அதிகாரியின் பேச்சு ஒரு படி, நம் பேச்சு அதற்கு மேல் ஒரு படி. காகிதத்தில்!

நடைமுறைக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஊர். பெயர் வேண்டாம், ஏனென்றால் இது ஓர் ஊரின் கதையாக இருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். அந்த ஊரில் ஒரு பெண், சுய உதவிக் குழுவில் இருப்பவர், என் பழைய மாணவி. ஒரு நாள் வீட்டு வாசலுக்கு ஒரு நோட்டு வந்தது. "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா." எதற்கு என்று கேட்டிருக்கிறார். "நீங்க தண்ணி கமிட்டி மெம்பர்." அவர் உறுப்பினர் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். நோட்டில் போன மாதம் நடந்ததாக ஒரு கூட்டம், அதில் அவர் பேசியதாக ஒரு வரி! தண்ணீர் சோதிக்கும் பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று பதில் வந்ததாம். பெட்டி பத்திரம். தண்ணீர்?

தம்பி, மக்கள் பங்கேற்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள். காசு கேட்கும்போது நம்மைக் கூப்பிடுவார்கள். பூமி பூஜையன்று நாற்காலி போட்டுக் கூப்பிடுவார்கள். வேலை முடிந்துவிட்டது என்று போட்டோ எடுக்கக் கூப்பிடுவார்கள். குழி எத்தனை அடி ஆழம் தோண்டினார்கள் என்று அளந்து எம் புக்கில் எழுதும் நாளன்று மட்டும் கூப்பிட மாட்டார்கள். பில் பாஸ் ஆகும் நாளன்றும் கூப்பிட மாட்டார்கள். வேலை சரியா தப்பா என்று முடிவாவது இந்த இரண்டு நாளில்தான். இந்த இரண்டு நாளையும் எடுத்துவிட்டால் பங்கேற்பு என்பதில் மிச்சம் நன்கொடையும் கைதட்டலும்தான்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனம் ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று திட்டத்தில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் எங்கிருந்தோ காரில் வந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகும் மூன்றாம் தரப்பின் கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பு, அந்தக் குழாயில் ஆயுசுக்கும் தண்ணீர் பிடிக்கப்போகிற முதல் தரப்பின் கையெழுத்துக்கு ஏன் இல்லை? மேற்பார்வை செய் என்று குழுவுக்கு எழுதிவைத்தவர்கள், சரியில்லை என்றால் பில்லை நிறுத்து என்கிற அதிகாரம் ஊருக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்கவில்லையே. வேலிக்கு முள் வேண்டாமா?

'ஊர்க்காரங்களுக்கு என்ன தெரியும்' என்ற கேள்விக்கு வருகிறேன். இஞ்சினியரிங் தெரிந்தவர்கள் மட்டுமே பார்த்துக்கொண்ட வேலை ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தளவானூர். குகைக்கோயில் இருக்கிற நம் பக்கத்துத் தளவானூரைச் சொல்லவில்லை, தென்பெண்ணைக் கரையில் இருக்கும் தளவானூர். அதற்கும் எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்து எனதிரிமங்கலத்துக்கும் நடுவே 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து தடுப்பணை கட்டினார்கள். 2020 செப்டம்பரில் திறந்தார்கள். 2021 ஜனவரியில் எனதிரிமங்கலம் பக்கத்துச் சுவர் உடைந்து தண்ணீர் போய்விட்டது. திறந்து நாலு மாதம்! பொறியாளர்கள் சிலரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அந்த வருடம் நவம்பர் வெள்ளத்தில் மீண்டும் சேதம். கடைசியில் கரையைக் காப்பாற்ற, கட்டிய அணையின் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. 25 கோடிக்குக் கட்டி, அதற்கு வெடியும் நாமே வாங்கி வைத்தோம்.

பட்டம் பெற்ற பொறியாளர்கள் வரைந்தார்கள், அவர்களே மேற்பார்வை பார்த்தார்கள், அவர்களே அளந்தார்கள், அவர்களே பில் எழுதினார்கள். எந்த ஊர்க்காரரும் குறுக்கே வந்து சண்டை போட்டு அந்த வேலை கெடவில்லை. நான் பொறியாளர்களைக் குறை சொல்லவில்லை. என் மாணவர்களில் எத்தனையோ பேர் நேர்மையான பொறியாளர்கள். சொல்வது ஒன்றுதான். செய்கிறவரும் அளக்கிறவரும் சரிபார்க்கிறவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தால் தப்பு நடக்கும்போது அதைச் சொல்ல ஆள் இருக்காது. பரீட்சை எழுதிய பையனிடமே விடைத்தாளைக் கொடுத்து மார்க் போடச் சொல்வோமா?

ஊர்க்காரர் தடுப்பணைக்கு டிசைன் போட வேண்டாம். போட்ட டிசைன்படி வேலை நடக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். அதற்கு நான் ஒன்பது, பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அளவியல் போதும். மறந்திருந்தால் இதோ.

குடக் கணக்கு. ஆளுக்கு 55 லிட்டர். வீட்டில் நாலு பேர் என்றால் 220 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஒன்று 15 லிட்டர் என்று வையுங்கள், 15 குடம். ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள் என்றால் 4 நிமிடத்துக்கு ஒரு குடம் நிறைய வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு குடம் நிறைய 10 நிமிடம் ஆகிறதா? அப்படியானால் கிடைப்பது 6 குடம், 90 லிட்டர், ஆளுக்கு 22 லிட்டர் சொச்சம். அரசாங்கம் சொன்னதில் பாதி கூட இல்லை. இதைக் கண்டுபிடிக்க எந்தக் காலேஜ் போக வேண்டும்? செல்போனில் கடிகாரம் இருக்கிறது, வீட்டில் குடம் இருக்கிறது. இந்தக் கணக்கைத் தெருவின் முதல் வீட்டில் போடாதீர்கள். கடைசி வீட்டில் போடுங்கள். உண்மை எப்போதும் கடைசி வீட்டில்தான் இருக்கும்.

டேங்க் கணக்கு. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று நிறைந்தால் 545 பேருக்குத்தான் 55 லிட்டர் வரும். அந்த டேங்கை நம்பி 800 பேர் இருந்தால் 44,000 லிட்டர் வேண்டும். தினமும் ஒன்றரை டேங்க் ஏற்றினால்தான் நடக்கும். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று டேங்க் ஆபரேட்டரைக் கேட்டால் விடை தெரிந்துவிடும்.

மண் கணக்கு. குளம் தூர்வாரியதாகப் பில் வருகிறது. 200 அடி நீளம், 100 அடி அகலம், 3 அடி ஆழம் என்று எழுதியிருக்கிறார்கள். பெருக்குங்கள், 60,000 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட், ஆக 600 யூனிட். டிராக்டருக்கு ஒரு யூனிட் என்று தாராளமாகவே வைத்தாலும் 600 நடை. அத்தனை நடை மண் எந்த வழியாகப் போனது, எங்கே கொட்டினார்கள்? ஜேசிபி இரண்டு நாள் நின்று கரையோரம் சுரண்டிவிட்டுப் போனதை ஆடு மேய்க்கும் பாட்டி பார்த்திருப்பார். அந்தப் பாட்டியின் சாட்சியத்துக்கு எம் புக்கில் இடம் இல்லை என்பதுதான் என் புகார்.

சோதனைப் பெட்டியும் அப்படித்தான். பாக்டீரியா பார்க்கும் குப்பியில் தண்ணீரை நிரப்பி மூடி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் தெரிந்துவிடும். கறுத்தால் தண்ணீர் கெட்டது. இதைப் பார்க்க லேப் வேண்டாம், கண் போதும்.

சிலர், "எல்லாம் இப்ப ஆன்லைன்ல இருக்கு சார்" என்கிறார்கள். இருக்கிறது, நானும் பார்த்தேன். எந்த ஊரில் எத்தனை இணைப்பு என்று பச்சைக் கலரில் வரைபடம் போட்டிருக்கிறார்கள். கடைசித் தெருவில் குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை என்பதற்கு என்ன கலர்? குழாயை எண்ணுவது வேறு, குடத்தை எண்ணுவது வேறு.

இன்னொரு கேள்வி நியாயமானது. "கமிட்டின்னா ஊர்ப் பெரிய மனுஷங்க கையிலதானே போகும் சார்? காலனிக்கு என்ன கிடைக்கும்?" இதைக் கேட்டது காலனியிலிருந்து படித்துப்போய் இன்று வங்கியில் இருக்கும் ஒரு மாணவர். அவருக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் மேடையில் பேசுகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டியது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே ஒரு குழு. குடவோலையில் ஆள் எடுப்பு, ஓராண்டுதான் பதவி. அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர் பெயரையும் போடக் கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால்! இன்று அந்த ஒரு விதியைக் கொண்டுவந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலத்துச் சபை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களின் பெயர் குடத்துக்குள் போனதில்லை. பெண்களின் பெயரும் போனதில்லை. கணக்குக் கேட்கும் ஒழுங்கை அங்கிருந்து எடுத்துக்கொள்வோம், யார் கேட்கலாம் என்பதை அங்கிருந்து எடுக்க வேண்டாம்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் டேங்கில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. வழக்குக்குள் நான் போகவில்லை. காலனி டேங்க் மேல் ஊரின் கண் இருக்கிறதா என்ற கேள்வியை அந்தச் சம்பவம் தமிழ்நாடு முழுக்க எழுப்பியது. ஆகவே அந்த வங்கித் தம்பிக்கு என் பதில் இது. கமிட்டி வேண்டாம் என்று சொன்னால் நாலு பெரிய மனிதர்களிடம் இப்போது இருப்பது அப்படியே இருக்கும். கமிட்டியில் காலனிப் பெண்கள் உண்மையாக உட்கார வேண்டும், கூட்டம் ஒரு முறை ஊரில் என்றால் மறுமுறை காலனியில் நடக்க வேண்டும், குடக் கணக்கு காலனியின் கடைசி வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். இதைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்க நானும் வருகிறேன்.

குடிமராமத்து பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டால் நம்மவர்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. ஊரே கூடி ஏரி வெட்டிய காலம் என்கிறார்கள். வெள்ளைக்காரன் அதை 1858இல் சட்டமாக்கினான். கட்டாய உழைப்புச் சட்டம் என்று பெயர். வழக்கப்படி ஊர் சேர்ந்து செய்யும் பாசன வேலைக்கு வராதவரிடம் உழைப்பின் மதிப்பில் இரு மடங்கு வசூலிக்கலாம். வரியும் அவனுக்கு, வேலையும் நம்முடையது, ஏரியைப் பற்றி முடிவெடுப்பது அவன். 2017 மார்ச்சில் மணிமங்கலத்தில் தொடங்கி நம் மாநில அரசு குடிமராமத்தை மறுபடி கொண்டுவந்தது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள். அதிலும் ஆயக்கட்டு விவசாயிகள் 10 விழுக்காடு தர வேண்டும் என்றார்கள். விவசாயிகள் சங்கத்தின் பெயரில் வேறு ஆட்கள் வேலை எடுத்துவிட்டதாகப் பல ஊர்களில் புகார் வந்தது. கட்சி மாறினாலும் இந்தப் புத்தி மாறவில்லை. உழைப்புக்கும் காசுக்கும் 'குடி', அதிகாரத்துக்கு 'மராமத்து' இலாகா.

நம் பக்கத்துக்கே வருகிறேன். நந்தன் கால்வாய். திருவண்ணாமலை மாவட்டம் கீரனூரில் துரிஞ்சலாற்று அணைக்கட்டில் தொடங்கிச் சுமார் 38 கிலோமீட்டர் வந்து பனமலை ஏரியில் முடிகிறது. வழியில் 36 ஏரி நிறைய வேண்டும். நம் அப்பா காலத்திலிருந்து தூர்வாரு, சீரமை, சாத்தனூர் அணையோடு சேர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அவ்வப்போது பணமும் ஒதுக்குகிறார்கள். வேலை நடக்கும்போது பனமலையில் இருக்கிற விவசாயி இருபதாவது கிலோமீட்டரில் கரை போட்டதைப் போய்ப் பார்க்க முடியுமா? பார்த்தாலும் கேட்க அவருக்கு என்ன உரிமை? அது வேறு ஊராட்சி, வேறு ஒன்றியம், வேறு மாவட்டம். ஒரு ஊர்க் குழாய்க்கு ஒரு ஊர்க் குழு என்று விதி இருக்கிறது. 36 ஏரிக்குப் போகிற ஒரே கால்வாயைத் தலையிலிருந்து வால் வரை சேர்ந்து பார்க்க, வால் பகுதிக்காரருக்கும் ஓட்டு இருக்கிற ஒரு குழு நடப்பில் எங்கே? பாசன சபைகளுக்கென்று 2000ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். குஜராத்தில் 2002இல் வாஸ்மோ என்று ஒரு அமைப்பைத் தொடங்கி, ஊர்த் தண்ணீர்க் குழுவின் கையிலேயே பணத்தையும் வேலையையும் கொடுத்தார்கள். கேரளத்தில் ஜலநிதித் திட்டத்தில் பயனாளிக் குழுக்களே திட்டமிட்டு, கட்டி, நடத்தின. அவ்வளவு தூரம் ஏன்? 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் நம் குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்களே 'கூடம்' என்ற பெயரில் ஊர் மக்களோடு தரையில் சமமாக உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். புதிதாகப் போர் போடுவதற்கு முன்னால் இருப்பதைச் சரிசெய்யலாமா என்று அவர்களே கேட்டார்கள். பொறியாளருக்கு ஊர் எதிரி இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் உலகம் முழுக்கப் பொதுக் குளம், பொது வாய்க்கால், பொதுக் காடு எங்கே பிழைத்தது, எங்கே அழிந்தது என்று ஆராய்ந்தார். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவர்தான். நீண்ட காலம் பிழைத்த இடங்களில் அவர் கண்ட பொது அம்சங்களில் ஒன்று, கண்காணிப்பவர் பயன்படுத்துகிறவராகவே இருப்பார், அல்லது பயன்படுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருப்பார். நம் ஊர் நீர்க்கட்டிக்கு இது தெரியும். மதகைத் தப்பாகத் திறந்தால் சாயங்காலம் அவர் அதே தெருவில்தான் நடந்து போக வேண்டும்.

ஆகவே அரசாங்கத்திடம் நான் கேட்பது இவை:

1. எந்தத் தண்ணீர் வேலையானாலும் தொடங்குவதற்கு முன் எஸ்டிமேட்டைத் தமிழில், நீள அகல ஆழத்தோடு, சிமெண்ட் மூட்டைக் கணக்கோடு ஊராட்சிச் சுவரில் எழுத வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு முப்பது நாள் காத்திருக்கும் நிலை கூடாது. அதற்குள் குழியை மூடிவிடுவார்கள்.

2. எம் புக்கில் அளவு எழுதும் நாளை முன்கூட்டியே ஊருக்குச் சொல்ல வேண்டும். குழு உறுப்பினர் முன்னிலையில் டேப் பிடிக்க வேண்டும். குழாய்க் குழியை அளந்த பிறகே மூட வேண்டும்.

3. கடைசிப் பில்லில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் தாண்டும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். கிராமசபைத் தீர்மானம் இல்லாமல் அதை விடுவிக்கக் கூடாது. 100 நாள் வேலைச் சட்டம் 2005இலேயே கிராமசபைக்குச் சமூகத் தணிக்கை உரிமை கொடுத்தது. தண்ணீர் வேலைக்கு அதே உரிமையைப் பல்லோடு கொடுங்கள்.

4. சோதனைப் பெட்டி பீரோவை விட்டு வெளியே வரட்டும். மாதா மாதம் சோதனை முடிவை டேங்க் தூணில் சுண்ணாம்பால் எழுதட்டும். சோதிக்கும் பெண்களுக்கு அந்த நாளுக்கான கூலியைக் கொடுங்கள். இலவச வேலை வாங்கிக்கொண்டு மகளிர் மேம்பாடு என்று பேச வேண்டாம்.

5. கணக்குக் காட்டாத குழுவினர் அடுத்த முறை குழுவில் இருக்கக் கூடாது. நந்தன் கால்வாய் போன்றவற்றுக்கு எல்லா ஊரும் சேர்ந்த ஒரே குழு வேண்டும்.

இதில் முதல் கோரிக்கையைக் கேட்டதும் ஒருவர், "சுவரில் எழுதி வைப்பதெல்லாம் நடக்கிற காரியமா ஐயா" என்றார். மண்டகப்பட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? மகேந்திரவர்மன் நம் ஊர்ப் பாறையைக் குடைந்தபோது செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் செய்ததாகக் கல்லிலேயே வெட்டி வைத்தான். எந்தப் பொருளைப் பயன்படுத்தவில்லை என்பதற்கே ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகப் போர்டு நிற்கிற ஊர் இது. எந்தப் பொருளை எவ்வளவு பயன்படுத்தினோம் என்று ஒரு சுவரில் எழுத மட்டும் முடியாதா?

இனி உங்களுக்கு. சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளே, ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பணம் அனுப்புகிறீர்கள், சந்தோஷம். அந்த ரசீதைச் சரிபார்க்கிற அக்கறையில் பாதியைத் தண்ணீர் வேலையிலும் காட்டுங்கள். எஸ்டிமேட் நகல் கேட்டு மனு எழுதத் தெரியாத அப்பா அம்மாவுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கலாம். அரசு வேலையில் இருக்கிற என் மாணவர்களே, பொறியாளர்களே, ஊர்க்காரர் டேப்போடு வந்து நின்றால் கோபப்படாதீர்கள். மேலிருந்து வருகிற அழுத்தத்துக்கு, "ஊர் பார்த்துக்கிட்டு இருக்கு சார், முடியாது" என்று சொல்ல உங்களுக்குக் கிடைக்கிற ஒரே துணை அவர்தான். ஒப்பந்தத் தம்பிக்கும் இதையே சொல்கிறேன். நீ ஒழுங்காக வேலை செய்கிறவன் என்று எனக்குத் தெரியும். ஒழுங்காகச் செய்பவன் குறைத்துக் கேட்டு டெண்டரில் தோற்பதும், கமிஷன் கொடுப்பவன் ஜெயிப்பதும் யாரும் அளக்காததால்தான். அளக்கிற ஊர் உன் பக்கம்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கிராமசபைக்குக் குறைந்தபட்ச வருகை என்று ஒன்று உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அத்தனை பேர் வராத இடத்தில்தான் நோட்டு வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போகிறது. நாம் போய் உட்கார்ந்தால் நோட்டு வீட்டுக்கு வர வேண்டிய வேலை இல்லை.

மார்ச் 22 அன்று மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். நம் ஊர்த் தண்ணீர்க் குழுவில் யார் யார், பெயரைப் படியுங்கள். கடைசியாகத் தண்ணீரைச் சோதித்தது எந்தத் தேதி, முடிவு என்ன. இந்த வருடம் முடிந்த தண்ணீர் வேலைகளின் எஸ்டிமேட்டும் எம் புக்கும் இந்த மேசையில் இருக்கிறதா. பதிலையும், பதில் இல்லை என்றால் இல்லை என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். படிக்காமல் போடாதீர்கள்.

அதற்கு முன் இந்த வாரம் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். அவரவர் தெருவின் கடைசி வீட்டில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து, ஊர் பெயரோடு கீழே எழுதுங்கள். நான் கூட்டிக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.